டைமிங் செயினும் பின்கதவுத் தாழ்ப்பாளும்

கற கற கற கற.

இருட்டி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன். வீட்டின் பின்பக்கம், கார் நிற்கும் கொட்டகையிலிருந்து அந்தச் சத்தம். யாரோ தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி. மூன்று விநாடி. நின்றது. மறுபடி கற கற கற கற.

நான் பயந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லிக்குப் பயம். குக்கருக்குப் பயம். அழைப்பு மணி அடித்தால் யாரோ என்று பயம். நாள் முழுக்க அடிக்காவிட்டால் மணி கெட்டுப்போய்விட்டதோ என்று பயம். கான்வென்ட்டில் எங்களுக்குத் தையல் எடுத்த சிஸ்டர், ஒரு நாள் இடிச் சத்தத்துக்கு நான் மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டபோது குனிந்து பார்த்துச் சொன்னார்: "பயம் வந்தால் எதையாவது எண்ணு. எண்ணிக்கொண்டே அலற முடியாது." அன்று ஆரம்பித்தது. எங்கள் மாடிப்படி பதினேழு. எதிர்வீட்டு ஜன்னலில் கம்பி பதினொன்று. என் மாமியார் ஒரு தடவை போன் செய்தால் "நான் எதுவும் சொல்லலை" என்று சொல்வது சராசரியாக ஆறு.

பின்கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். போட்டிருந்தது. அதைக் கட்டிக்கொள்ளாத குறை. முன்கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சங்கிலி இருக்கிறது. பின்கதவுக்கு இருப்பது அந்த ஒரே தாழ்ப்பாள். விரல் தடிமனில் ஒரு கம்பி, நடுவில் ஒரு குமிழ். ராத்திரி அதைத் தள்ளிவிட்டால்தான் எனக்கு மூச்சு சீராக வரும்.

ஒரு கையில் குடையை எடுத்துக்கொண்டேன். இன்னொரு கையில் போன். இவருக்கு அடித்தேன்.

கொட்டகைக்குள் மணி ஒலித்தது.

"என்னங்க! கொட்டகையில யாரோ இருக்காங்க! பயமா இருக்கு!"

"நான்தான் இருக்கேன். போனை வை. சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிட்டிருக்கேன், நீ வேற நடுவுல பேசிட்டே."

உள்ளே வந்தார். பதிவு செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினார். கற கற கற, பிறகு என் குரல், "பயமா இருக்கு". காருக்கு வந்த நோயையே நான் சொன்ன மாதிரி இருந்தது.

"நாலு நாளா இப்படித்தான். சாவியைப் போட்டதும் கறகறங்குது, அப்புறம் சரியாயிடுது."

"சரியாயிடுதுன்னா எதுக்குங்க கவலை?"

"பல்வலியும் அப்படித்தான். விட்டு விட்டுத்தான் வரும்."

இவர் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறார். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதற்குப் பொருத்தமாகப் பல்வரிசை செய்து, தேய்த்து, பாலிஷ் போட்டு அனுப்புவார். ஊரில் பாதிப் பேர் சிரிப்பதற்குக் காரணம் தானே என்று சொல்லிக்கொள்வார். நான் மறுத்ததில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். எஞ்சினின் மேல்மூடியைத் திறந்தார். விளக்கைப் பிடித்து உள்ளே காட்டினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு பெரிய பல்சக்கரம், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் சின்னது ஒன்று, இரண்டையும் சுற்றி எண்ணெயில் நனைந்த ஒரு செயின். அண்ணன் விரலால் செயினைத் தள்ளினார். தொளதொளவென்று ஆடியது.

"டைமிங் செயின் தளர்ந்துடுச்சு சார். சக்கரத்துல பல்லெல்லாம் கொக்கி மாதிரி தேஞ்சிருக்கு பாருங்க. ஒரு நாள் இது ஒரு பல் தாண்டி உக்காரும். அப்ப உள்ள வால்வும் பிஸ்டனும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். அதுக்கப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போடணும்."

இவர் சட்டைப் பையிலிருந்து வாய்க்குள் பார்க்கிற குட்டிக் கண்ணாடியை எடுத்தார். எஞ்சினுக்குள் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேல்வரிசை பரவாயில்லை. நாலாவதும் ஏழாவதும்தான் மோசம்."

"சார், இது பல் கட்டற வேலை இல்ல சார். வண்டியை விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள்ல சக்கரத்தையும் செயினையும் மாத்திக் கொடுத்துடறேன்."

அண்ணன் நல்லவிதமாகத்தான் சொன்னார். ஆனால் இவருக்கு முதல் வாக்கியத்தோடு காது அடைத்துவிட்டது.

"பல்லைப் பத்தி எனக்கா சொல்றீங்க?"

"சார், நான் அந்த அர்த்தத்துல..."

"இருபது வருஷமா பல்லு. தினமும் பல்லு. கனவுல பல்லு. இந்த வண்டியை இனிமே ஒரு மெக்கானிக் தொடமாட்டான். நானே மாத்தறேன். ரெண்டு நாள்!"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியை எண்ண ஆரம்பித்தேன்.

அந்தக் கார் எனக்கு எதற்கு வேண்டும் என்று சொல்லவேண்டும். போன மாதம் ஒரு ராத்திரி குழந்தைக்கு மூச்சு இழுத்தது. விலாவெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது. வாடகை வண்டிக்குச் சொன்னோம். நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். இவர் குழந்தையையும் என்னையும் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். எட்டு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசல். டாக்டர் அம்மா சொன்னார்: "மறுபடி வரலாம். வந்தா வீட்டு வைத்தியம் பண்ணிட்டு உக்காராதீங்க, உடனே கிளம்பி வாங்க." உடனே என்றால் அந்தக் கார். அந்த எட்டு நிமிஷம்தான் எனக்கும் பைத்தியத்துக்கும் நடுவில் இருந்த சுவர். அதைத்தான் இவர் பிரித்துப் போடப்போகிறார்.

சனிக்கிழமை காலை பிரித்தார். ரேடியேட்டர் ஒரு மூலையில். பெல்ட் ஒரு மூலையில். முன்மூடி துணி துவைக்கிற கல்லின் மேல். நட்டும் போல்ட்டும் மட்டும் நாற்பத்து மூன்று. முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் துண்டுச் சீட்டில் எங்கிருந்து வந்தது என்று எழுதி வைத்தேன். கான்வென்ட் கையெழுத்து. இவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உனக்கும் ஒரு வேலை கிடைச்சுது" என்றார்.

மத்தியானம் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடக்க ஆரம்பித்தார். பென்சிலை அளந்தார். கரண்டிக் காம்பை அளந்தார். குழந்தையின் கிலுகிலுப்பைப் பிடியை அளந்தார்.

"என்னங்க தேடறீங்க?"

"எஞ்சினுக்கு அடியில பக்கவாட்டுல ஒரு துளை இருக்கு. அதுல ஒரு கம்பியைச் செருகிட்டா உள்ள இருக்கிற பெரிய சக்கரம் அசையாது. எஞ்சின் நின்ன இடத்துல நிக்கும். அப்பத்தான் செயினைக் கழட்ட முடியும். சரியான தடிமன் வேணும்."

"கடையில கிடைக்காதா?"

"கடைக்குப் போனா மெக்கானிக் இருப்பான்."

பின்கதவுக்கு முன்னால் நின்றார். அளந்தார். முகம் மலர்ந்தது. பெண் பார்க்க வந்த அன்று என்னைப் பார்த்துக்கூட அப்படி மலரவில்லை.

"ஐயோ, அது வேண்டாங்க!"

"ரெண்டே நாள்மா."

"பின்கதவுக்கு அது ஒண்ணுதாங்க இருக்கு!"

"நாற்காலியை முட்டுக் கொடு."

தாழ்ப்பாளின் கம்பியை உருவிக்கொண்டு போனார். விளக்கைப் பிடிக்க நானும் போனேன். காருக்கு அடியில் படுத்து, துளைக்குள் கம்பியைச் செருகினார். குமிழ் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. என் நிம்மதி இனி எஞ்சினுக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் நாலு நாள் ஆயிற்று. லேபில் அவசர வேலை என்று ஓடிவிடுவார். நானும் குழந்தையும் தாழ்ப்பாள் இல்லாத கதவும் வீட்டில். கதவுக்கு நாற்காலி, நாற்காலிக்கு மேல் அரிசி டின், டின்னுக்கு மேல் தண்ணீர்க் குடம். காற்று அடித்தால் குடம் ஆடும். குடம் ஆடினால் நான் ஆடுவேன்.

மூன்றாவது நாளே மெக்கானிக் அண்ணனுக்குப் போன் செய்துவிட்டேன். குழந்தை விஷயத்தைச் சொன்னேன்.

"கவலைப்படாதம்மா. நான் சொல்லித் தர்றேன். ஆனா நான் சொன்னேன்னு சொல்லாத. சாரைத் திருத்தப் போனா சார் எதிர்ப்பக்கம் போவாரு. நீ பயந்த மாதிரி கேளு."

"பயந்த மாதிரி இல்லண்ணா. பயந்துதான் இருக்கேன்."

"அப்ப ரொம்ப வசதி."

"உங்களுக்கு எதுக்குண்ணா இந்தச் சிரமம்?"

"எப்படியும் ஒரு நாள் அந்த வண்டி எங்கிட்டதான் வரும். உயிரோட வரட்டுமேன்னுதான்."

புதன்கிழமை மத்தியானம் புதுச் செயினும் இரண்டு பல்சக்கரங்களும் பார்சலில் வந்தன. இவர் வருவதற்குள் இருட்டிவிட்டது. குழந்தை தூக்கத்தில் இரண்டு முறை இருமினாள். நான் பின்கதவு நாற்காலியில் உட்கார்ந்து குடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியே ஏதோ சரசரத்தது. எண்ணுவதற்கு மடியில் இருந்தது அந்தச் செயின்தான். எண்ணினேன். கறுப்புக் கண்ணிகளுக்கு நடுவே இரண்டு கண்ணிகள் மட்டும் மஞ்சளாக இருந்தன. ஒரு மஞ்சளிலிருந்து அடுத்த மஞ்சளுக்கு வலப்பக்கமாக எண்ணினால் நாற்பத்தாறு. இடப்பக்கமாக எண்ணினால் அறுபத்திரண்டு. மறுபடி இருமல். மறுபடி எண்ணினேன். நாற்பத்தாறு, அறுபத்திரண்டு. இவர் வந்து கதவைத் தட்டும்போது ஏழாவது தடவை எண்ணிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் இவர் லேபிலிருந்து சீட்டி அடித்துக்கொண்டே வந்தார். பையிலிருந்து செயினை எடுத்து விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணைப் பறித்தது. நகைக்கடையில் தொங்கவேண்டியது.

"லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். பாலிஷ் மிஷின்ல முக்கால் மணி நேரம். புதுச் செயின்னு பேரு, ரெண்டு இடத்துல மஞ்சக் கறை! கொஞ்சமா தேச்சேன்? இப்ப பாரு. எங்கயாவது கறை இருக்கா?"

நான் பார்த்தேன். எங்கேயும் இல்லை. எல்லாக் கண்ணியும் ஒரே மாதிரி பளபளவென்று பல்லைக் காட்டியது.

குழந்தைக்குத் துணி மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்ப் போன் செய்தேன்.

"அண்ணா, செயின்ல இருந்த மஞ்சக் கறையை இவர் பாலிஷ் போட்டு எடுத்துட்டாருண்ணா."

போன் செத்துவிட்டதோ என்று பார்த்தேன்.

"அண்ணா?"

"அம்மா... அது கறை இல்லம்மா."

"அப்புறம்?"

"அதுதான் குறி. ஒரு மஞ்சக் கண்ணி மேல் சக்கரத்து அடையாளத்துல உக்காரணும், இன்னொண்ணு கீழ்ச் சக்கரத்து அடையாளத்துல உக்காரணும். அதுக்குத்தான் கம்பெனிக்காரன் கலர் போட்டு அனுப்பறான். இப்ப எதை எங்க வைக்கிறதுன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு பல் தப்பா உக்காந்தாலும் போச்சு. எத்தனை கண்ணி தள்ளி இருந்துதுன்னு யாராவது எண்ணி வச்சிருந்தா..."

"நாற்பத்தாறு. அந்தப் பக்கம் அறுபத்திரண்டு."



"எப்படிம்மா தெரியும்?"

"பயமா இருந்துதுண்ணா. எண்ணினேன்."

அண்ணன் சொன்னார்: எந்தக் கண்ணியை வேண்டுமானாலும் முதலாவதாக வைத்துக்கொள்ளலாம், இடைவெளிதான் முக்கியம். அதில் ஒரு பொட்டு, சரியாக எண்ணி அடுத்ததில் ஒரு பொட்டு. பெயின்ட் இருக்கிறதா என்றார். நெயில் பாலிஷ் இருக்கிறது என்றேன். தாராளமாகப் போதும் என்றார். அதோடு பாலிஷ் பொடி ஒரு துளி செயினுக்குள் தங்கினாலும் எஞ்சினை அரித்துவிடும், நன்றாகக் கழுவவேண்டும்.

வெளியே வந்தேன்.

"என்னங்க, இந்தப் பாலிஷ் பொடி காத்துல பறந்தா குழந்தைக்கு மூச்சு இழுக்காதா? பயமா இருக்குங்க."

இவர் செயினை மண்ணெண்ணெயில் மூன்று தடவை கழுவினார். குழந்தை என்றால் மட்டும் மறுபேச்சே கிடையாது. அதற்காகத்தான் இந்த மனிதரின் இத்தனையையும் பொறுத்துக்கொள்கிறேன்.

மறுநாள் இவர் குளிக்கப் போன நேரத்தில் செயினைத் துடைத்து எடுத்து எண்ணினேன். பொட்டு வைத்தேன். எண்ணினேன். இரண்டாவது பொட்டு வைத்தேன். சிவப்பு. கல்யாணத்துக்கு வாங்கின பாட்டில், அடியில் கொஞ்சம்தான் இருந்தது. மிச்சத்தை வீணாக்குவானேன் என்று என் சுண்டுவிரலிலும் தீற்றிக்கொண்டேன். ஊதி ஊதி உலர்த்தினேன்.

இவர் ஈரத் தலையோடு வந்து செயினை எடுத்தார். நின்றார்.

"இது என்ன சிவப்பு? மறுபடி கறையா?" கை பழைய பல் தேய்க்கும் பிரஷை நோக்கிப் போனது.



"ஐயோ தேய்க்காதீங்க! அது... அது உள்ள இருந்து வந்ததுங்க!"

"உள்ள இருந்தா?"

"மேல மஞ்சக் கறை மூடிக்கிட்டு இருந்திருக்கும். நீங்க முக்கால் மணி நேரம் பாலிஷ் போட்டீங்கள்ல? அதுல அடியில இருந்த கம்பெனி மார்க் வெளிய தெரிய ஆரம்பிச்சிருக்கு."

இவர் செயினைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு தூரமாகப் பிடித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"பாத்தியா? மத்தவனெல்லாம் கறையோடயே மாட்டியிருப்பான். இந்த சிவப்பு மார்க்கையே கண்ணால பாத்திருக்க மாட்டான்."

"ஆமாங்க. ஒரு மெக்கானிக்கும் பாத்திருக்க மாட்டான்."

அது மட்டும் சத்தியமான வார்த்தை.

"ஆனா இந்தச் சிவப்பு உன் நகத்துல இருக்கற சிவப்பு மாதிரியே இருக்கு."

"சிவப்புன்னா எல்லாம் சிவப்புதானேங்க."

அன்று மாலைக்குள் புதுச் சக்கரங்களையும் செயினையும் மாட்டினார். மேல் சக்கரத்தின் புள்ளிக்கு நேராக ஒரு சிவப்பு. கீழ்ச் சக்கரத்தின் புள்ளிக்கு நேராக ஒரு சிவப்பு. விளக்கைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன். குறுக்குத் தையலில் கடைசிக் கட்டம் சரியாக வந்து விழுந்த மாதிரி இருந்தது. சிஸ்டர் பார்த்திருந்தால் நோட்டில் நட்சத்திரம் போட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை முட்டை அட்டை காலியாகிக்கொண்டே வந்தது. முன்மூடி ஏறியது. பெல்ட் ஏறியது. இவர் பாட்டுப் பாடினார். அண்ணன் கடைசியாகச் சொல்லியிருந்தது ஒன்றுதான்: சாவியைப் போடுவதற்கு முன்னால், ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கவேண்டும். எங்கேயும் முட்டாமல், சக்கரத்துக் குறிகள் மறுபடி சொந்த இடத்துக்கு வந்து நிற்கவேண்டும். அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்கிறவன் அதிர்ஷ்டத்தைத்தான் ஓட்டுகிறான்.

"என்னங்க, கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்துட்டீங்களா? சும்மா கேட்டேன். பயமா இருக்கு."

"ஆச்சு ஆச்சு. ரெண்டென்ன, மூணு சுத்து."

நான் குழந்தையின் பந்தைத் தேடுகிற மாதிரி காருக்கு அடியில் குனிந்தேன். எங்கள் பின்கதவின் குமிழ் அங்கேயே, துளையிலிருந்து நீட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தது.

அந்தக் கம்பி உள்ளே இருக்கும்வரை எஞ்சின் அசையாது. மூன்று சுற்று என்ன, அரைச் சுற்றுக்கூடச் சுற்ற முடியாது. மனிதர் கூசாமல் புளுகுகிறார். அது போகட்டும். இந்த நிலையில் சாவியைத் திருப்பினால்?

உள்ளே ஓடிப் போன் செய்தேன்.

"குமிழ் இன்னும் வெளிய நீட்டிட்டிருக்குண்ணா."

"சாவி யார்கிட்ட?"

"ஆணியில மாட்டியிருக்கு."

"உன் கையில எடுத்துக்க. உயிரே போனாலும் கொடுக்காத. அந்தக் கம்பியோட திருப்பினா உள்ள எது உடையும்னு நானே சொல்ல முடியாது."

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் "எனக்குத் தெரியாதா?" என்பார். அப்புறம் தனக்குத் தெரியும் என்று காட்டுவதற்காகவே குனிந்து பார்க்காமல் சாவியைத் திருப்புவார். பன்னிரண்டு மாதத்துக் குழந்தை கூடத் திட்டினால் சோற்றைத் துப்புகிறது.

திரும்பி வந்தபோது கொட்டகையில் கூட்டம் சேர்ந்திருந்தது. கூட்டம் என்றால் ஒரே ஒருவர், பக்கத்து வீட்டு டியூஷன் மாஸ்டர். இவர்தான் குரல் கொடுத்து வரவழைத்திருக்கிறார். மாஸ்டர் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு ஏறி, முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஒரு மெக்கானிக் கை படலை மாஸ்டர். ரெண்டு... சரி, ஒன்பது நாள். இப்ப கேளுங்க சத்தத்தை." கையை நீட்டினார். "சாவி."

சாவி என் கைக்குள் வியர்த்துக்கொண்டிருந்தது.

"தாழ்ப்பாளைக் கொடுங்க."

"எந்தத் தாழ்ப்பாள்?"

"பின்கதவுத் தாழ்ப்பாள். எடுத்துட்டுப் போனீங்கள்ல?"

"அது எங்க போயிடும்? அப்புறமா மாட்டித் தர்றேன். சாவியைக் கொடு."

"எனக்கு இப்பவே வேணும். பயமா இருக்கு."

"பட்டப்பகல்ல என்ன பயம்?"

"என் பயத்துக்குப் பகல் ராத்திரி ஏதுங்க? வேலைதான் முடிஞ்சுபோச்சே, மூணு சுத்து சுத்தியாச்சே. இனிமே அது உங்களுக்கு எதுக்கு? தாழ்ப்பாளைக் கொடுங்க, சாவியைத் தர்றேன்."

"மாஸ்டர் காத்துக்கிட்டிருக்கார்!"

"கொடுத்துடுங்க சார்," என்றார் மாஸ்டர். "கேக்கறாங்கள்ல. எங்க வீட்டுல கேட்டா நான் உடனே கொடுத்துடுவேன். என்ன கேட்டாங்கன்னு அப்புறமாத்தான் யோசிப்பேன்."

இவர் சலித்துக்கொண்டே தேட ஆரம்பித்தார். சட்டைப் பை. கால்சட்டைப் பை. ஸ்பேனர் டப்பா. முட்டை அட்டை. துவைக்கிற கல்லுக்கு அடியில். "இங்கதானே எங்கயோ..." என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் போனார், வந்தார். சமையலறை டப்பாக்களைத் திறக்கிற சத்தம் கேட்டது. மறுபடி கொட்டகைக்கு வந்தார். நடுவில் நின்றார். காரைப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே நின்றார்.

முகத்தில் கிரீஸ் பட்ட இடம் மட்டும் கறுப்பாக இருந்தது. மீதி முகம் பல்செட் நிறத்துக்கு வந்துவிட்டது.

"தண்ணி கொஞ்சம் கொடு," என்றார்.

குடித்தார். தரையில் படுத்து காருக்கு அடியில் நகர்ந்தார். டொக் என்று ஒரு சத்தம். வெளியே வந்தபோது கையில் தாழ்ப்பாள்.

"அங்கயா வச்சிருந்தீங்க?" என்றார் மாஸ்டர்.

"ரொம்பப் பத்திரமான இடம் மாஸ்டர்," என்றேன் நான். "திருடன் வந்தாக்கூட எடுக்க முடியாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் மாஸ்டர் வீட்டு ஜன்னல் கம்பியை எண்ணினேன்.

பிறகு இவர், யாரும் சொல்லாமலே, ஸ்பேனரை மாட்டி எஞ்சினைக் கையால் சுற்றினார். மெதுவாக. ஒரு சுற்று. எங்கேயும் முட்டவில்லை. இரண்டாவது சுற்று. மேல்மூடியைத் திறந்து பார்த்தார். சக்கரத்தின் குறி சொந்த இடத்தில் வந்து நின்றிருந்தது. இவர் விட்ட மூச்சில் மாஸ்டரின் கண்ணாடி மங்கியிருக்கும்.

தாழ்ப்பாளை என் இடது கையில் வைத்தார். வலது கையிலிருந்த சாவியைக் கொடுத்தேன்.

ஸ்டார்ட் ஆயிற்று. கறகறப்பு இல்லை. ஒன்பது நாளாக அந்தச் சத்தத்தைக் கனவில்கூடக் கேட்டவள் நான். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இல்லை. பூனை உறங்குகிற மாதிரி ஒரு முனகல், அவ்வளவுதான்.

"ஏறு," என்றார் இவர். "குழந்தையைத் தூக்கிக்கோ."

எங்கே என்று நான் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"எமர்ஜென்சியா சார்?"

"இல்லைங்க," என்றார் இவர். "ஒத்திகை."

குழந்தை என் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இவர் அவள் முதுகில் கையை வைத்து மூச்சைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். இந்த மனிதரைப் போய் இத்தனை பாடு படுத்திவிட்டோமே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். சிவப்பு, நாற்பத்தாறு, மெக்கானிக் அண்ணன், எல்லாம். கான்வென்ட்டில் படித்தவளுக்கு உண்மையைச் சொல்லாமல் சாப்பாடு இறங்காது.

வீட்டுக்கு வந்ததும் இவர் முதல் வேலையாகத் தாழ்ப்பாளின் கம்பியைப் பின்கதவில் பழையபடி மாட்டி, இரண்டு தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்து, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டார். நாற்காலி, அரிசி டின், குடம் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. இவர் கையைக் கழுவக் கொட்டகைக்குப் போனார். சரி, சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று தட்டை எடுத்து வைத்தேன்.

அப்போது சுவரோரம் பேச்சுக் குரல் கேட்டது.

"உள்ளுக்குள்ள ஒரு சிவப்பு மார்க் இருக்கு மாஸ்டர். பாலிஷ் போட்டாத்தான் வெளிய வரும். மெக்கானிக்குகளுக்கே தெரியாத விஷயம். அடுத்த ஞாயிறு உங்க வண்டியையும் பிரிச்சுடலாம்."

"என் வண்டிக்கு ஒண்ணுமில்லையே சார்."

"பிரிச்சாத்தானே தெரியும்! அதுக்கு முன்னாடி எங்க வண்டியில பிரேக்கைக் கழட்டணும். பாத்தேன், கட்டை அழுத்திப் பிடிக்கிற வட்டெல்லாம் சொரசொரன்னு இருக்கு. லேபுக்குக் கொண்டுபோய் நல்லா வழவழன்னு ஒரு பாலிஷ்..."

நான் தட்டைக் கீழே வைத்தேன். ஒன்று எண்ணினேன். இரண்டு எண்ணவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போனேன். சாத்தினேன். குமிழைப் பிடித்துத் தள்ளினேன். எண்ணெய் விட்டிருந்ததால் வெண்ணெய் மாதிரி போய் உட்கார்ந்தது.

ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு அசைந்தது. மறுபடி அசைந்தது. பிறகு தட்டினார்.

"யாரு?" என்றேன்.

"நான்தான்! எதுக்கு இந்நேரத்துல தாழ்ப்பாள்? நான்தான் இருக்கேன்!"

"தெரியும். அதனாலதான் போட்டிருக்கேன்."